அக்கரைக்காரன்

"அக்கரைக்காரனுக்கு உன்மேல அப்படி என்ன அக்கறை? விடிஞ்சும் விடியாததுமா போன் பண்றான்!"

கணவன் இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேல் ஓங்கி அழுத்தினான். சட்டை அவனுடையதுதான், பாவம்.

"ஆபீஸ் லைன் ரிப்பேருங்க. அதான் மொபைல்ல வந்தார்" என்றாள் மனைவி, தலையைப் பின்னிக்கொண்டே.

கடல்கொள்ளையரைப் பிடிக்க இரண்டு பக்கத்து நாடுகளும் சேர்ந்து ஒரு கண்காணிப்பு அறை திறந்திருந்தன. அதில் அவள் ஓர் அதிகாரி. கடலுக்கு அந்தப் பக்கத்தில் அதே வேலையைப் பார்க்கிறவர்தான் அந்த அக்கரைக்காரர். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, சந்தேகப்படும்படி ஏதாவது படகு தெரிகிறதா என்று காலையும் மாலையும் இருவரும் பேசியாக வேண்டும்.

"பேசும்போது சிரிச்சியே?"

"அவர் ஜோக் அடிச்சார். சிரிச்சேன்."

"நான் ஜோக் அடிச்சா சிரிக்க மாட்டேங்கறே."

"நீங்க என்னைக்கு அடிச்சீங்க?"

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவளுக்கோ உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. இருக்காதா பின்னே? துறைமுகத்தில் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் சப்ளை செய்கிறவன். வீட்டுக்கு வந்தால் டிவி, தூக்கம், அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷத்தில் அவள் மூக்குக்கண்ணாடியை மூன்று முறை மாற்றிவிட்டாள். ஒரு தடவையாவது கவனித்திருப்பானா?

அந்த அறை திறந்த இந்த ஆறு மாசமாகத்தான் மனுஷன் அடியோடு மாறிப் போயிருந்தான். யார் பேசினான், எதைப் பற்றிப் பேசினான், எத்தனை நேரம் பேசினான், ஒன்று விடாமல் சொல்லியாக வேண்டும். "உன் வீட்டுக்காரர் சரியான சந்தேகப் பிராணிடீ, ஜாக்கிரதை" என்று அக்கா எச்சரித்தாள். "போக்கா, என்மேல ஆசை இல்லாமலா இப்படிப் பொறாமைப்படறார்?" என்று இவள் சிரித்துவிட்டாள்.

"இவ்வளவு எரிச்சலா இருந்தா சொல்லுங்க, வேற செக்‌ஷனுக்கு மாத்தச் சொல்லிக் கேக்கறேன். ஃபைல் பார்க்கிற வேலை. யார்கூடவும் பேச வேண்டாம்."

அவன் பதறிப் போனான். "சேச்சே! உன் வேலையை எதுக்குக் கெடுத்துக்கறே? அவன்கிட்ட பேசறதை என்கிட்ட மறைக்காம இருந்தாப் போதும். ஆமா, வியாழக்கிழமை ஏதோ பெரிசா இருக்குன்னியே, என்ன அது?"

அவள் பின்னலை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "அதை வெளியில சொல்லக் கூடாதுங்க. போன மாசம் யாரோ வாயை விட்டதாலதான் கொள்ளைக்காரங்க ஒரு எண்ணெய்க் கப்பலை மடக்கினாங்க. ரெண்டு மாலுமிங்க செத்தே போனாங்க. ஒருத்தனுக்குக் கைக்குழந்தை வேற."

"ஓஹோ! அக்கரைக்காரனுக்குத் தெரியலாம், கட்டின புருஷனுக்குத் தெரியக் கூடாது. போ, போய் அவன்கூடவே குடித்தனம் பண்ணு."

"ஐயோ, இதுக்குப் போய்க் கோவிச்சுக்கறீங்களே! தீக்குச்சித் தீவுக்குத் தெற்கே ஒரு எண்ணெய்க் கப்பல் எஞ்சின் ரிப்பேராகி, காவல் இல்லாம நிக்கப் போகுது. ஒன்பது மணியிலேர்ந்து பதினொண்ணு வரைக்கும். அது கிளம்புற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் லைன்லயே இருக்கணும். போதுமா?"

"ரெண்டு மணி நேரமாடீ அவன்கூடப் பேசுவே?" அவன் பல்லைக் கடித்தான்.

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலை அக்கரைக்காரர் கண்காணிப்பு அறைக்கு நேரிலேயே வந்து இறங்கிவிட்டார். வழுக்கை, தொந்தி, சட்டைப் பையில் பேத்தியின் போட்டோ.

"நீதானாம்மா அது? குரலைக் கேட்டு என் வயசு இருக்கும்னு நினைச்சேன்!" என்று அவரே சொல்லி அவரே சிரித்தார். அடக் கடவுளே, இவருக்காகவா வீட்டில் அத்தனை ரகளை! அவரோடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் அதைக் காட்டிப் புருஷனை நன்றாகக் கலாய்க்க வேண்டும்.

பத்தேகாலுக்கு ரேடியோ கரகரத்தது. காது கொடுத்துக் கேட்ட மேலதிகாரி துள்ளி எழுந்தார்.

"பிடிச்சாச்சு! மூணு படகு, பதினாலு பேர், அத்தனை பேர் கையிலயும் துப்பாக்கி. நம்ம ஆளுங்க யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை."

அறை முழுக்கக் கைதட்டல். அக்கரைக்காரர் மேலதிகாரியின் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். "தனித்தனியா நின்னிருந்தா நம்மால ரெண்டு இடத்துக்குமேல பார்த்திருக்க முடியாது சார். உங்க படகும் எங்க படகும் சேர்ந்ததாலதான் ஆறு இடத்துலயும் ஒளிஞ்சு நிக்க முடிஞ்சுது. ஆமா, ஆறுல எங்கே வந்து மாட்டினானுங்க?"

"தீக்குச்சித் தீவு."

"அங்கே இன்னைக்குக் கப்பலே கிடையாதே சார்?" என்றான் ரேடியோ ஆபரேட்டர், ஒன்றும் புரியாமல்.

"ஆறு இடத்துலயும் கிடையாதுப்பா." மேலதிகாரியின் குரல் இறங்கியது. "நம்ம தகவல் எந்த வீட்டு வழியா கசியுதுன்னு கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதுக்காக ரெண்டு பக்கத்துலயுமாச் சேர்த்து ஆறு அதிகாரிங்களுக்கு ஆளுக்கொரு பொய்யைக் கொடுத்து, வீட்டுல மட்டும் சொல்லச் சொன்னோம்."



"அப்போ தீக்குச்சித் தீவு யார் வீட்டுக்குப் போன பொய்?" என்றார் அக்கரைக்காரர்.

"என் வீட்டுக்கு, சார்" என்றாள் அவள். "அவர் பொறாமையிலதான் துருவித் துருவிக் கேக்கறார்னு நினைச்சு... ஆறு மாசமா சந்தோஷமா இருந்தேன் சார்."