செம்பு ஒயர்

“யோவ், தூக்க வுட்டுட்டுப் போறியே!” என்று வாசலில் நின்று கத்தினேன். என் வீட்டுக்காரர் ஜேக்கப் திரும்பிப் பார்க்காமல் தெருமுனையைத் தாண்டிப் போனார். அவ்வளவு கோபம்.

சோற்றுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். விடிந்ததும் நடந்த சண்டை ஒரு ஒயருக்காக.

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்த வருடம், மூர் மார்க்கெட்டில் பழைய ரேடியோ ஒன்று வாங்கினோம். கூரைமேல் இரண்டு மூங்கிலை நட்டு, இரும்புக் கம்பியை ஏரியலாகக் கட்டினார். முதல் நாளே அவருக்கு அது பிடிக்கவில்லை. இன்றைக்கு விடிந்ததும் மறுபடி அதே பேச்சை எடுத்தார்.

“வாய்ல துணிய வெச்சிகினு பேசற மாரியே கீதுமே. கம்பி கலீஜு. யானைக்கவுனில செம்பு ஒயர் கீது, பன்னெண்டு ரூபா.”

“பன்னெண்டா? வூட்ல அரிசி இல்ல, இவருக்கு செம்பு கேக்குதாம்! தெருவே நம்ம ரேடியோலதான்யா பாட்டு கேக்குது. கம்பி நல்லாதான் கீது.”

“காசு போவுதேன்னு பொய் சொல்லாதமே. செம்புல போட்டுப் பாரு, வித்தியாசம் தெரியும்.”

“எனக்கு ஒண்ணும் தெரியல சாமி. நீ அந்த ஒயரையே கட்டிகினு குடித்தனம் பண்ணு!”

துறைமுகத்துப் பக்கம் பாய்லர் பட்டறையில், இரும்புத் தகடுகளைச் சேர்த்துச் சம்மட்டியால் ரிவிட் ஆணி அடிப்பது அவர் வேலை. அந்தப் பட்டறைக்காரர்கள் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள். அதனால் எங்கள் சண்டை அக்கம்பக்கம் முழுக்கக் கேட்டிருந்தது.

அன்று சாயங்காலம் ரயில் பாதை வழியே வீட்டுக்கு நடந்து வந்தவரைப் பின்னாலிருந்து வந்த கூட்ஸ் வண்டி அடித்துவிட்டது. பையில் செம்பு ஒயர்ச் சுருள் பிரிக்காமல் இருந்தது. காசை எங்கே புரட்டினாரோ.

“விசில் வுட்டுகினேதான் வந்தேன். அந்தாளு திரும்பவே இல்ல. வேணும்னுதான் நடந்தாரு” என்று எஞ்சின் டிரைவர் சொன்னாராம். “காலைலதான் வூட்ல பெரிய சண்ட” என்று பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா சேர்த்துச் சொன்னாள்.

தற்கொலை என்று ஆகிவிட்டது. தானே உயிரை விட்டவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று சர்ச்சில் சொல்லிவிட்டார்கள். சுவருக்கு வெளியே, கள்ளிச் செடிகளுக்கு நடுவில் புதைத்தோம்.

வேண்டுமென்றேதான் நடந்தாரா? நான் சொன்ன சொல்லா அவரை அப்படி நடக்க வைத்தது? எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கேட்பதற்கு ஆளில்லை.

முப்பதாம் நாள், வீட்டிலேயே ஜெபம் முடிந்தபின் எத்திராஜ் வந்தார். ஜேக்கப் ரிவிட் அடிக்கும்போது பாய்லருக்குள்ளே உட்கார்ந்து ஆணியின் மறுமுனையைத் தாங்கிப் பிடிப்பவர்.

“அண்ணன் ஆசையா வாங்கின ஒயரு, அண்ணி. நான் கட்டித் தரேன்.”

“வேணாம் தம்பி” என்றேன். அவர் அதற்குள் திரும்பி, ஏணியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

இரும்புக் கம்பியை அவிழ்த்துப் போட்டு, செம்பு ஒயரைக் கட்டி இறங்கி வந்தார். நான் ரேடியோவைப் போட்டேன். சத்தம் வைக்கும் குமிழ் ஜேக்கப் திருகி வைத்த இடத்திலேயே இருந்தது.

செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் கணீரென்று கேட்டது. இரும்புக் கம்பியிலும் இப்படியேதான் கேட்டது. பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

“யம்மாடி, காது கிழியுது! கொஞ்சம் கொறச்சி வையேன்!” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கோவிந்தம்மா கத்தினாள்.

எத்திராஜ் குனிந்து ரேடியோவின்மேல் காதை வைத்திருந்தார். “எப்படி கீது, தம்பி?” என்று பின்னால் நின்று கேட்டேன். அவர் திரும்பவில்லை. இன்னொரு தரம் கேட்டேன். பிறகு தோளைத் தொட்டேன்.

நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“இதுவும் சரியில்ல, அண்ணி. வாய்ல துணிய வெச்சிகினு பேசற மாரியே கீது.”