விரலை அசைங்க!

"விரலை அசைங்க பார்ப்போம். ம்... இப்ப பெருவிரல். பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல!"

அவள் ஒவ்வொரு விரலாக அசைத்துக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, அவள் நகத்தை அழுத்திப் பிடித்து விட்டார். வெளுத்த நகம் சட்டென்று சிவந்தது. ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது என்று அவருக்குப் பரம திருப்தி. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டே தலை நரைத்தவர் ஆயிற்றே!

"மரத்துப் போகுதா?"

"இல்லீங்க. அரிப்புதான் உயிரை வாங்குது."

"அரிக்குதுன்னு உள்ளே குச்சி கிச்சி விட்டுடாதீங்க, புண்ணாயிடும். தண்ணி படக் கூடாது. கையைத் தொங்கவும் விடக் கூடாது, சொல்லிட்டேன்!" மிரட்டிக்கொண்டே தலையணையை மடித்து அவள் கைக்கு அண்டக் கொடுத்தார்.

மகள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டை ஒரேயடியாகப் பிரித்துவிடலாம் என்று காலையிலிருந்தே நச்சரிக்கிறாள். அம்மாவோ மசிகிற வழியாக இல்லை.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கல்லூரி மாடிப்படியில் உருண்டு இதே கையை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் இதே மிரட்டல்தான். வார்டில் மற்றவர்களை வேளைக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தவர், இவள் விரலை மட்டும் மணிக்கொருமுறை வந்து பார்த்தார். "எனக்கும் கால் உடைஞ்சுதான்ப்பா கிடக்கு, இந்தப் பக்கமும் கொஞ்சம் வாயேன்!" என்று பக்கத்துக் கட்டில் அம்மாள் கத்த, வார்டே சிரித்தது. கட்டைப் பிரித்த அன்று அவர் முகம் தொங்கிப்போனதைப் பார்த்துத்தான் இவள் விழுந்தாள். என்ன நாட்கள் அவை!

"உங்க கூட யாரும் வரலையா? வீட்டுக்காரர்?" தலையணையைச் சரிசெய்தபடியே கேட்டார்.

"இன்னும் கல்யாணமே ஆகலைங்க. நல்ல இடமா இருந்தா சொல்லுங்களேன்."

அவர் காது நுனி வரை சிவந்தார். பேரன் பேத்தி எடுத்த பிறகும் இந்த வெட்கம் மட்டும் அப்படியே இருந்தது.

"சாயங்காலம் மறுபடி வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போகிறவர் மாதிரி விறைப்பாக நடந்து, உள்ளறையில் போய்ப் படுத்தார்.

குறட்டைச் சத்தம் கேட்டதும் மகள் வந்து அருகில் உட்கார்ந்தாள். துணிப்பட்டையைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, மாவுக்கட்டை அப்படியே உருவி எடுத்தாள். அம்மா கையை உதறிவிட்டு, அதே கையால் எச்சில் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"எலும்பு கூடி எத்தனை மாசமாச்சு! இன்னும் எவ்வளவு நாளைக்கும்மா இந்தக் கட்டு?"

"போன தடவை இதைப் பிரிச்சுட்டு அவர் முன்னாடி போனப்போ என்னடி ஆச்சு? யாரோ விருந்தாளின்னு நினைச்சு, என்னைக் கும்பிட்டு வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாரே உங்கப்பா!"