அந்தப் பிள்ளைக்காக ஒரு ஜெபம்

தெருவில் எல்லாருக்கும் அவள் மிஷனரிப் பாட்டி. ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்று மகன் வீட்டோடு வந்த பிறகும், மைக் இல்லாமல் பிரசங்கம் செய்த அதே குரலில்தான் ஜெபம் செய்வாள். கதவைச் சாத்தினாலும் வாசல்வரை கேட்கும்.

அன்று காலை, ஆபீசுக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்த மகன் காதிலும் விழுந்தது.

"ஆண்டவரே, வீட்டுல பொய் சொல்லிட்டுத் திரியுற அந்தப் பிள்ளையை நினைச்சருளும். அவன் பொண்டாட்டி பாவம், வெள்ளந்தியா நம்பிட்டிருக்கா. இன்னைக்காவது உண்மையைச் சொல்ல அவனுக்குத் தைரியம் தாரும்!"

மகன் பாதி மாட்டியிருந்த ஷூவை உதறிவிட்டு நேரே சமையலறைக்குப் போனான். மனைவி அவனுக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஆபீஸே இல்ல. போன மாசமே கம்பெனியை மூடிட்டாங்க. தினமும் பார்க்குலதான் உக்காந்துட்டு வர்றேன்."

அவள் கண் கலங்கியது. "லூசா நீங்க? இத்தனை நாளும் வெயில்லயா உக்காந்திருந்தீங்க?" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மனப்பாரம் இறங்கிய வேகத்தில் அம்மாவின் அறைக்கு ஓடினான்.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச? அவகிட்ட சொல்லிட்டேன்."

"எதைடா?"

"எனக்கு வேலை போனதை. நீதானே எனக்காக ஜெபம் பண்ணின?"

அம்மா திகைத்துப்போய், மடியில் குப்புறக் கிடந்த நாவலைப் பார்த்தாள்.

"நான் இந்தக் கதையில வர்றவனுக்காகத்தாண்டா ஜெபம் பண்ணினேன்! அத்தியாயத்துக்கு அத்தியாயம் பொண்டாட்டிகிட்டப் புளுகுறான். எனக்குத் தூக்கமே வரல."

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

"அவனை, எழுதினவங்க பாத்துக்கட்டும். நீ வந்து பக்கத்துல உக்காரு."