சத்தம் வராத ஃபில்டர்

"உங்க பிக்கப்புல இருக்கிற திறந்த ஏர் ஃபில்டர் அருமையானதுண்ணே. டீசல் வண்டி என்னமா உறுமுது! யார் தேர்ந்தெடுத்தது?" என்றார் மெக்கானிக்.

"என் பையன். கழட்டிட்டு, சத்தமே வராததா ஒண்ணு மாட்டுங்க. வீட்டுல அந்தச் சத்தம் ஆகலை."

"எங்க வீட்டுலயும் அதே பாட்டுதான்."

வண்டிக்காரர் சிரிக்கவில்லை.

மாலையில் வண்டி அரவமில்லாமல் வாசலில் நின்றது. தினமும் கதவைத் திறக்க ஓடி வரும் மனைவி இன்று வரவில்லை. அப்பாடா என்று இறங்கி உள்ளே போனார்.

அவள் வாசல் பக்கம் காதை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, பையன் வண்டிச் சத்தத்தையே காணோமே. தினம் இந்நேரம் வந்துடுவானே."

பையனை அடக்கம் செய்து நேற்றோடு ஒரு வருடம்.

"வந்துடுவான்மா," என்றார். மெக்கானிக் பழைய ஃபில்டரை யாருக்கும் விற்றிருக்கக் கூடாதே என்று தவித்தபடி வெளியே வந்து வண்டியைத் திருப்பினார்.