கப்பல் நிறைய மகாராஜாக்கள்

அலைகடலையே அடக்கி ஆள்பவன் அல்லவா அரசன்! அப்பேர்ப்பட்ட அரசர்கள்தான் இந்த உல்லாசக் கப்பலின் மேல்தளத்தில் தட்டும் கையுமாகச் சாப்பாட்டு வரிசையில் முண்டிக்கொண்டிருக்கிறார்கள். 'ராஜ உலா' என்று பெயர் சூட்டி, வந்திருக்கும் தம்பதிகளுக்கெல்லாம் வாடகை அங்கியும் கிரீடமும் மாட்டிவிட்டிருக்கிறது நிர்வாகம். வெண்ணெயில் செதுக்கிய அன்னம் வெயிலில் உருகிக் கழுத்து தொங்கிக் கிடக்கிறது. ஒரு மகாராஜா பல் குத்திய குச்சியை அதன் முதுகிலேயே சொருகி வைக்கிறார். கடித்துத் துப்பிய இறால் வால்கள் சிவப்புக் கம்பளத்தில் ஒட்டியிருக்கின்றன. படம் எடுக்கவென்றே போட்டிருக்கும் சிம்மாசனத்தில் கணவரோடு நெருக்கியடித்து அமர்ந்திருக்கிறாள் ஒரு மகாராணி. அவள் போட்டிருக்கும் அங்கியில் யாரோ ஒரு முன்னாள் மகாராணியின் வியர்வை நாற்றம். ஒரே ஒரு படத்துக்காகத்தான் இத்தனையும் பொறுத்துக்கொள்கிறாள். போன வருஷம் இதே சிம்மாசனத்தில் எடுத்த படத்தை நாத்தனார் இன்னும் ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். கணவருடைய கிரீடத்தின் நடுவே வழுக்கை பளபளக்கிறது, முகம்தான் வெளிறிக்கொண்டே போகிறது. "கொஞ்சம் கம்பீரமா உக்காருங்களேன்." "தின்ன இறாலெல்லாம் தொண்டையில நிக்குது. கப்பல் வேற ஆடுது." "ஓசின்னா தட்டு தட்டா அள்ளணுமா? போட்டோக்காரர் கேமராவைத் தூக்கிட்டாரு, சிரிங்க." "அடியே, வருதுடி... எதையாவது ஏந்து!" அவள் சுற்றுமுற்றும் பார்க்கிறாள். சட்டென்று அவர் தலையிலிருந்த கிரீடத்தைப் பிடுங்கிக் கவிழ்த்து, தன் மடிமேல் வைத்து அவர் வாய்க்கு நேராகப் பிடிக்கிறாள். போட்டோக்காரர் பொத்தானை அழுத்துகிறார். கிரீடத்துக்கு அடிப்பாகம் கிடையாது.