ஏலம் கேட்ட நெஞ்சு

அந்த இணைய ஏலத் தளத்தில் இப்போது யாரும் வாய்விட்டு விலை கேட்பதில்லை. மணிக்கட்டுப் பட்டை நாடித் துடிப்பைப் பார்த்து, ஆசைக்குத் தக்கபடி தானே விலையை ஏற்றிக்கொண்டு போகும்.

இளம்பரிதி வேடிக்கை பார்க்கத்தான் உள்ளே போனான். திரையில் செஞ்சி நாயக்கர் செப்புக்காசு ஒன்று சுழன்றது. அவன் சேகரிப்பில் இருக்கும் செஞ்சிக் காசின் விளிம்பில் உள்ள அதே வெட்டு, அதே இடத்தில். அப்படியானால் தன்னுடையது போலியா? நெஞ்சு திக்கென்றது. பட்டை அதை ஆசை என்று எடுத்துக்கொண்டு இரண்டு லட்சம் கேட்டது. அவன் பதறினான், ஐந்து லட்சமானது. ஏலம் முடியும்வரை பட்டையைக் கழற்றவும் முடியாது.

"மகிழினி, ஓடி வாயேன்! என் கையப் பிடிச்சுக்கோ!"

மனைவி வந்து பிடித்துக்கொண்டாள். துடிப்பு மெல்ல அடங்கியது. விலையும் நின்றது. பிறகுதான் அவள் திரையைப் பார்த்தாள்.

"ஐயோ, வீடு வாங்க வெச்சிருந்த பணமாச்சே!"

தள்ளுபடிக்காக அவள் பட்டையையும் அதே கணக்கில் சேர்த்தது அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"உங்கள் துணைவியாரும் விரும்புகிறார்," என்று குழைந்தது திரை. "பதினோரு லட்சம்."

இளம்பரிதி பாய்ந்து அவள் கண்களைப் பொத்தினான். உள்ளங்கைக்குள் அவள் இமைகள் படபடத்தன.

"பதினேழு லட்சம்."