பிரிக்காத புத்தகங்கள்

"ஒண்ணே ஒண்ணு குடுங்கண்ணே. அழுக்குப் படாமப் படிச்சுட்டுத் திருப்பித் தந்துடறேன்."

ராஜமாணிக்கம் கையிலிருந்த துணியைக் கீழே வைக்கவில்லை. கெட்டி அட்டை போட்ட புத்தகங்களை வெயிலில் பாய் விரித்துப் பரப்பி, அட்டையில் படிந்த பூஞ்சையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தர்றதுக்கில்லைம்மா."

"நீங்க படிச்சு முடிச்சது ஏதாவது இருந்தாப் போதும்."

"எதையும் நான் படிக்கலை."

அலமு வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

போர்ட் பிளேரையும் தாண்டித் தெற்கே இருந்த கேம்பல் பே என்ற தீவுக் குடியிருப்பில் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. புருஷன் பாலசுப்பிரமணியத்துக்கு ரோடு ஆபீசில் வேலை. மாதத்தில் பாதி நாள் காட்டுக்குள் கேம்ப். ஊரில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள் அவள். கையில் ஒரு கதை இருந்தால் சாயங்காலத்தை எப்படியோ தள்ளிவிடலாம். கூடக் கொண்டுவந்த புத்தகங்களோ, கப்பலிலிருந்து படகில் இறங்கும்போதே கடல்தண்ணீரில் ஊறிப்போயின. வெல்லம் சுற்றி வந்த தாளைக்கூட நீவிவைத்து வாசித்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டு ராஜமாணிக்கம் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, சர்க்கார் கொடுத்த நிலத்தில் தென்னை வைத்திருப்பவர். தனி ஆள். அதிகம் பேச மாட்டார். போர்ட் பிளேரிலிருந்து கப்பல் வரும்போதெல்லாம் மெயின்லேண்டிலிருந்து அவருக்குப் புதுப் புத்தகம் ஒன்று வந்துவிடும். கட்டைப் பிரிப்பார், துடைப்பார், அலமாரியில் வைப்பார். வெயில் அடித்தால் வெளியே எடுப்பார். அவர் ஒரு புத்தகத்தை விரித்து அலமு பார்த்ததே இல்லை.

மறுநாள் குழாயடியில் அவளுக்கு வாய் நிற்கவில்லை. பஞ்சாபிப் பெண்களுக்கும் புரியட்டும் என்று தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியிலேயே சொன்னாள்.

"எல்லாம் திகானே கே லியே. ஊருக்குக் காட்டறதுக்கு. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியுமான்னே சந்தேகம்."

யாரும் சிரிக்கவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்த ஒருத்தி மட்டும், "ஐஸா மத் போலோ, பஹன்," என்றாள். அப்படிச் சொல்லாதே என்றால்? பழைய ஹவில்தாரிடம் பயம்போல என்று அலமு நினைத்துக்கொண்டாள்.

அந்த மாதம் கப்பல் வந்தபோது ராஜமாணிக்கம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு படகுத்துறையில் நின்றார். அலமுவும் அரிசி மூட்டைக்காகப் போயிருந்தாள். படகிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் தட்டுத்தடுமாறி இறங்கினார். ராஜமாணிக்கம் தோளைக் கொடுக்க, அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். போகிற வழியெல்லாம் ஆட்கள் நின்று, "பன்னீர் பாய், தபியத் டீக் ஹை?" என்று உடம்பு தேவலையா என விசாரித்தார்கள்.

"யாருங்க அவர்?" என்று மூட்டை தூக்குகிறவரிடம் கேட்டாள்.

"பன்னீர்செல்வம். பட்டாளத்துல ஹவில்தாரோட ஒரே கம்பெனில இருந்தவரு. சண்டைல கண்ணு ரெண்டும் போயிடுச்சு. ஹவில்தார்தான் இங்க கூட்டியாந்து வெச்சிருக்காரு. நெஞ்சுல சீக்குன்னு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு நீங்க வர்றதுக்கு முன்னாடியே போனவரு, இப்பத்தான் திரும்பறாரு."

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. துணி எடுக்க வெளியே வந்த அலமு வேலியோரம் நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டில் யாரோ வாசிக்கிற சத்தம். நிறுத்தி நிதானமாக, பிசிறில்லாத வாசிப்பு. ராஜமாணிக்கத்தின் குரல்தான். குழாயடியில் தான் பேசியது நினைவுக்கு வந்து, அவளுக்கு முகம் சுட்டது.

"யாரோ வேலிகிட்ட நிக்கறாங்கடா," என்றது இன்னொரு குரல்.

"பக்கத்து வீட்டு அலமு. மழைல ஏம்மா நிக்கறே? உள்ள வா."

அவள் தயங்கித் தயங்கிப் படியேறினாள். அரிக்கேன் வெளிச்சத்தில் பன்னீர்செல்வம் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ராஜமாணிக்கத்தின் மடியில் புத்தகம் விரிந்திருந்தது.

"அண்ணே, நான் குழாயடில உங்களைப் பத்தி..."

"காதுல விழுந்துச்சும்மா. உக்காரு." அவர் ஒரு பலகையை நகர்த்திப் போட்டார். "நீ கேட்டப்ப குடுக்கக் கூடாதுன்னு இல்லை. இங்க தமிழ் பேசறது நாலே வீடு. ஒருத்தர் படிச்சா கதை ஊர் பூரா சுத்திடும். இவன் வந்து இறங்கறப்ப படகுத்துறைலயே யாராவது முடிவைச் சொல்லிடுவாங்க."

பன்னீர்செல்வத்தின் கை கட்டில் மேலிருந்த புத்தகங்களைத் தடவியது. ஒவ்வொன்றாக அட்டையைத் திறந்து பார்த்தது. எல்லாம் புது மொறமொறப்பு மாறாமல் இருந்தன.

"வெளியில குடுக்கலை, சரி. நீ படிச்சிருக்கலாமேடா," என்றார். "புத்தகம் இல்லாம சோறு இறங்காதே உனக்கு. இத்தனை மாசம் எதுக்குடா சும்மா கெடந்தே? படிச்சு முடிச்சதை எனக்கு ஒரு தரம் வாசிச்சா ஆகாதா?"

ராஜமாணிக்கம் விளக்குத் திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டார்.

"கதைல யார் சாகப்போறாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, என் குரலை வெச்சே நீ கண்டுபிடிச்சிடுவே. அப்புறம் உனக்குன்னு என்னடா மிச்சம்?"